நாடா வைத்த பனியன்

எங்கள் பட்டாசுக் கம்பெனி வாசலில் தினமும் காலை ஏழரை மணிக்கு ஒரு சோதனை நடக்கும். பெண்கள் முந்தானை நுனியையும் ஆண்கள் சட்டை நுனியையும் உள்ளங்கையில் வைத்துக் கசக்கி, விரித்துக் காட்ட வேண்டும். சுருக்கம் விழுந்து அப்படியே நின்றால் பருத்தி, உள்ளே போகலாம். கசக்கியும் வழுக்கிக்கொண்டு நிமிர்ந்தால் நைலானோ பாலியஸ்டரோ கலந்திருக்கிறது, திரும்பிப் போய் மாற்றிக்கொண்டு வர வேண்டும். செயற்கைத் துணி உடம்பில் உரசினால் மின்சாரம் ஏறும். அதிலிருந்து கண்ணுக்குத் தெரியாத ஒரு பொறி தெறித்தால் போதும், அறையில் இருக்கிற வெடிமருந்து பற்றிக்கொள்ள. கசக்கிக் காட்டியவர்கள் வாசல் சுவரில் பதித்திருக்கும் செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் அவரவர் அறைக்கு நடப்பார்கள்.

இந்தச் சோதனையைச் செய்பவன் நான். கெமிஸ்ட்ரி படித்துவிட்டு சூப்பர்வைசராகச் சேர்ந்தவன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்து வாசலை மிதித்த முதல் ஆள். அம்மா தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கி வளர்ந்தவள், அப்பா லாரிக்கு லோடு ஏற்றியவர். அந்த வீட்டிலிருந்து வந்து, விஸ்வநத்தம் பக்கம் ஒரு கம்பெனி வாசலில் நின்று, வருகிறவர்களின் துணியைப் பார்த்து "போங்க", "நில்லுங்க" என்று சொல்லும் இடத்தை எட்டியிருந்தேன். அம்மா இதைச் சொந்தக்காரர்களிடம் சொல்லும்போது, "எம்மவன் பாத்து விட்டாத்தான் உள்ளயே போக முடியும்" என்பாள்.

ஊர்த் துணியையெல்லாம் பார்த்த என்னுடைய சட்டைக்குள் என்ன இருந்தது என்பதை இப்போதுதான் எழுத வருகிறது.

எனக்கு நெஞ்சு பெரிது. தண்டால் எடுத்து வளர்த்த நெஞ்சு இல்லை. எட்டாம் வகுப்பில் குரல் உடைந்தபோது கூடவே வந்து, திரும்பிப் போக மறந்துவிட்ட சதை. உடன் படித்தவர்கள் கிணற்றில் குதித்தபோது நான் மேலே உட்கார்ந்து அவர்களுடைய சட்டைகளுக்குக் காவல் இருந்தேன். கல்லூரிக் காலத்தில் விருதுநகரில் ஒரு டாக்டரிடம் போனேன். அழுத்திப் பார்த்துவிட்டு, "இது வியாதி இல்ல தம்பி. நெறையப் பேருக்கு இருக்கு. வேணும்னா ஆபரேஷன் பண்ணிக்கலாம், இல்லன்னா விட்டுரு" என்றார். வெளியே உட்கார்ந்திருந்த அம்மாவின் காதில் ஆபரேஷன் மட்டும் விழுந்துவிட்டது. என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் பஸ் ஏற்றிவிட்டாள். விட்டுவிடு என்று சொல்வது எவ்வளவு சுலபம். நான் விடத் தயார்தான், மற்றவர்கள் விட வேண்டுமே.

வேலைக்குச் சேர்ந்த பிறகு தொல்லை கூடியது. கல்லூரிக்குத் தடித்த சட்டை, அதன்மேல் பையின் வார் என்று ஏதாவது போட்டு மறைத்துவிடலாம். கம்பெனியில் பருத்திச் சட்டை மட்டும்தான், அதுவும் பாக்கெட் இல்லாத ஒற்றைத் துணி. சித்திரையில் வேர்வையில் நனைந்து ஒட்டும். ஆனியில் காற்று வந்து நெஞ்சோடு அப்பும். லோடு ஏற்றும் ஆட்களில் ஒருவன், என்னைவிட நாலைந்து வயது மூத்தவன்தான், ஆனாலும் நக்கலுக்காக என்னை அண்ணே என்று கூப்பிடுவான்.

"அண்ணே, காத்துக்கு முதுகக் காட்டி நில்லுங்க. பாத்தா எனக்கே வெக்கமா வருது."

சுற்றி நின்றவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்து வைப்பேன். அடுத்த நிமிடம் அவனிடமே போய், "பெட்டிய இழுக்காத, தூக்கி வையி" என்று சொல்ல வேண்டியிருக்கும். அவன் இழுப்பான். மருந்து அடைத்த சரக்குப் பெட்டியைத் தரையில் இழுக்கக் கூடாது என்று எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும். ஆனால் அவன் கண் என் முகத்தில் இருக்காது. என் படிப்பு முழுவதும் அந்த இடத்தில் ஒன்றுமில்லாமல் போய்விடும். வேடிக்கை பார்க்கப்படுகிற ஆள் சொல்லும் எச்சரிக்கையை யார் கேட்பார்கள்?

அதனால்தான் அந்தப் பனியனை ஆர்டர் போட்டேன். போனில் படம் பார்த்திருந்தேன். ஆண்களுக்கான இறுக்கப் பனியன், கறுப்பு நிறம், கையில்லாதது, நைலானும் இழுவை நூலும் கலந்தது. நெஞ்சையும் வயிற்றையும் தட்டையாக்கிக் காட்டும் என்று போட்டிருந்தார்கள். படத்தில் அதைப் போட்டிருந்தவனுக்குத் தட்டையாக்க எதுவுமே இல்லை. அளவுப் பட்டியலில் மார்பளவு கேட்டிருந்தது. இஞ்ச் டேப்பால் அளந்து பார்த்து எல் சைஸ் போட்டேன். கம்பெனிக்குப் போடக் கூடாது, டவுனுக்கும் கல்யாண வீடுகளுக்கும் மட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வந்த அன்று அதை மாட்டுவதற்குள் அரை உயிர் போனது. தலை நுழைந்தது. ஒரு கை நுழைந்தது. இன்னொரு கையைக் காதோடு ஒட்டி மாட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். உள்ளே போன பிறகு பார்த்தால் நெஞ்சு தட்டையாகத்தான் இருந்தது, ஆனால் அங்கிருந்த சதை எங்கேயாவது போக வேண்டுமே. அக்குள் வழியாக இரண்டு பக்கமும் பிதுங்கிக்கொண்டு நின்றது. எனக்கு உடம்பு குட்டை, பனியன் நீளம். நாலு அடி நடந்ததும் அடியோரம் சுருண்டு சுருண்டு மேலே ஏறி, தொப்புளுக்கு மேல் ஒரு சைக்கிள் டியூப் மாதிரி நின்றது. சட்டைக்கு வெளியே அது தெரிந்தது. ஒன்றை மறைக்கப் போய் இப்போது இரண்டு.

நீளம்தானே பிரச்சினை என்று அடியில் நாலு விரல் அளவுக்குக் கத்தரித்தேன். அது நான் செய்த முதல் முட்டாள்தனம். அடியோரத்தில் இருந்த பட்டைதான் அதை ஓரளவாவது பிடித்துவைத்திருந்தது. வெட்டிய ஓரம் பாயைச் சுருட்டுவது போல இன்னும் வேகமாகச் சுருண்டது.

சிவகாசி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இருக்கும் ஒரு ஜென்ட்ஸ் டெய்லரிடம் கொண்டுபோனேன். அவர் அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார்.

"இது யாருக்கு தம்பி?"

"எனக்குத்தாண்ணே."

"லேடீஸ் ஐட்டத்துல நான் கை வைக்கிறதில்ல."

"ஜென்ட்ஸ்தாண்ணே. கவர்ல போட்டிருக்கு பாருங்க."

"கவர்ல என்ன வேணும்னாலும் போடுவான். இத எங்கன பிடிக்கணும், எங்கன விடணும்?"

பக்கவாட்டில் கொஞ்சம் பிடிக்க வேண்டும், அடியோரத்தை மடித்து அடிக்க வேண்டும், கை வெட்டை ஒரு விரல் விட வேண்டும் என்று சொன்னேன். கடையில் பேண்ட் அளவு கொடுக்க வந்து நின்ற பெரியவர் ஒருவர் என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். டெய்லர் சத்தமாகவே கேட்டார்: "நெஞ்சு அமுங்கணும், அதான? எதுக்குத் தம்பி இம்புட்டுக் கஷ்டம், ரெண்டு மாசம் ஓடுனா எல்லாம் கரஞ்சிரும்." நான் ஓடிப் பார்த்தவன். எனக்கு வயிறு கரைந்தது, கால் கரைந்தது, இது மட்டும் கரையவில்லை. அதையெல்லாம் அந்தப் பெரியவர் முன்னால் எப்படி விளக்குவது?

அவர் தைத்துத்தான் கொடுத்தார். சாதாரண மிஷினில், பேண்டுக்கு அடிக்கிற நூலில், நேர்த் தையல். வீட்டுக்கு வந்து தலை வழியாக மாட்டியதும் பட், பட், பட் என்று மூன்று இடத்தில் நூல் அறுந்தது. துணி இழுபடுகிறது, நூல் இழுபடவில்லை, பின் அறுந்துதானே ஆகும். இழுபடுகிற துணிக்கு வளைந்து வளைந்து போகிற தையல் வேண்டும் என்பது போனில் வீடியோ பார்த்துத் தெரிந்தது. அந்த வீடியோக்கள் எல்லாமே பெண்களுக்கானவை. இடுப்பு ஒடுங்குவது எப்படி, நெஞ்சு நிமிர்ந்து நிற்பது எப்படி. எனக்கு வேண்டியதோ இதற்கு நேர்மாறு. ஒவ்வொன்றையும் பார்த்து, தலைகீழாக மாற்றிப் புரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

நாலு ஞாயிற்றுக்கிழமை மதியங்கள் கதவைச் சாத்திக்கொண்டு ஊசியோடு உட்கார்ந்தேன். டெய்லர் தளர்த்திவிட்ட கை வெட்டால் சதை இன்னும் பிதுங்கியது, அதை மறுபடி ஒட்டுப் போட்டு மூடினேன். கடைசியில் எனக்குப் பிடிபட்டது இதுதான்: முன்பக்கம் இழுபடக் கூடாது, பின்பக்கம்தான் இழுபட வேண்டும். முன்பக்கமும் இழுபட்டால் நெஞ்சு தன் உருவத்துக்குத் துணியைத் தள்ளிக்கொண்டு வந்துவிடும். பழைய பருத்திப் பனியன் ஒன்றை இரண்டாக மடித்து முன்பக்கத்தின் உள்ளே வைத்துக் கைத்தையல் போட்டேன். அடியில் கறுப்பு எலாஸ்டிக். போட்டுக் கண்ணாடியில் பக்கவாட்டில் நின்று பார்த்தேன். முதல்முறையாக என் சட்டை நேராக விழுந்தது.

அம்மா அதைக் கொடியில் கண்டுபிடித்துவிட்டாள்.

"என்னலே இது? கறுப்புல, பொம்பளப் புள்ள உள்பாடி மாதிரி?"

"பனியன்ம்மா."

"பனியனுக்குள்ள எதுக்கு இன்னொரு பனியன் வச்சுத் தச்சிருக்க? இதுக்காலே ஒன்னய காலேசுக்கு அனுப்புனேன்?"

நான் அதைக் கொடியிலிருந்து உருவிக்கொண்டு உள்ளே போனேன். அடுத்த தடவை துவைத்தபோது அம்மா, தெருவில் போகிறவர்கள் கண்ணில் படாமல் என் வேட்டிக்கு அடியில் போட்டு உலர்த்தியிருந்தாள்.

ஆனி மாதம் கம்பெனியில் பாதுகாப்புக் கூட்டம் வைத்தார்கள். ஆபீஸுக்கு முன்னால் இருக்கும் திடலில் எல்லாத் தொழிலாளிகளும் உட்கார, அதிகாரிகள் இரண்டு பேர் வர, நான் நடுவில் நின்று விதிகளைச் சொல்லி விளக்க வேண்டும். முதலாளி என்னைக் கூப்பிட்டு, "படிச்ச புள்ள, நீயே பேசிரு. தெளிவாப் பேசு, நிமிந்து நின்னு பேசு" என்றார். நிமிர்ந்து நில் என்பதை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் திடலில் ஆனிக் காற்று எப்படி அடிக்கும் என்று எனக்குத் தெரியும். எல்லோருக்கும் முன்னால், காற்று வருகிற மேற்கே பார்த்து, அரை மணி நேரம்.

அன்று காலை அதைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன்.

என்ன நினைத்தேன் என்று கேட்டால், காரணங்கள் சொல்லிக்கொண்டேன். மேலே பருத்திச் சட்டை இருக்கிறது. முன்பக்கம் உள்ளே பருத்தி வைத்துத் தைத்திருக்கிறேன். அறைகளுக்குள் போகாமல் வாசலோடு திரும்பிவிடலாம். தெரியாதவன் செய்தால் அறியாமை என்று விடலாம். நான் பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியவன். செம்புத் தகட்டைத் தொட்டால் அந்த நேரத்துக்கு இறங்கும், நாலு எட்டு நடந்தால் மறுபடி ஏறும் என்பது தெரிந்தேதான் தகட்டைத் தொட்டேன்.

ஏழரை மணிச் சோதனையில் ஒரு அக்காவின் முந்தானை சரியாக இருந்தது. திருத்தங்கலில் இருந்து வருகிறவர், வெடிக்குத் திரி சொருகும் அறையில் வேலை. ஆனால் நடக்கும்போது சேலைக்கு அடியில் பளபளவென்று ஒரு ஓரம் தெரிந்தது. சாட்டின் உள்பாவாடை.

"அக்கா, உள்பாவாடை பருத்தி இல்ல. மாத்திட்டு வாங்க."

"சார், தொவச்சது காயல. இன்னைக்கு ஒரு நாளு."

"ஒரு நாளும் கெடையாதுக்கா. ஏழே முக்கால் பஸ்ஸு இருக்கு, போயிட்டு வந்திருங்க."

அவர் என்னை நின்று பார்த்தார். "பொம்பள உள்ள என்ன கட்டியிருக்கான்னு பாத்துச் சொல்ற. சரிதான், சட்டம். ஒன்னய யாருப்பா பாக்குறது?" என்று கேட்டுவிட்டு, தூக்குவாளியோடு திரும்பி நடந்தார். கோபத்தில் கேட்டது அது, அவருக்கு ஒன்றும் தெரியாது. வரிசையில் இருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். நான் அடுத்த ஆளின் சட்டை நுனியைப் பார்க்க ஆரம்பித்தேன்.

வாசலோடு நிற்பேன் என்று நினைத்தேனே, நடக்கவில்லை. மருந்து கலக்கும் அறையில் சல்லடை மாற்ற வேண்டும் என்று கூப்பிட்டார்கள். இரண்டு முறை போய் வாசற்படியில் நின்றேன். உள்ளே இரண்டு பேர் குனிந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கூட்டத்துக்குக் கொஞ்ச நேரம் முன்பு அடியோரம் சுருண்டு ஏறிவிட்டது. ஆபீஸ் பக்கத்துக் கழிவறைக்குள் போய்ச் சட்டையைக் கழற்றி, பனியனைக் கீழே இழுத்தேன். சடசடவென்று சத்தம் கேட்டது. கையில் மயிர் எழுந்து நின்றது. மறுபடி இழுத்தேன். மறுபடி அதே சத்தம், சின்னதாக, கடுகு பொரிகிற மாதிரி. அந்தச் சத்தம் என்னவென்று என்னைவிட நன்றாக அந்தக் கம்பெனியில் யாருக்கும் தெரியாது. மருந்து அறைக்குள் குனிந்திருந்த இரண்டு தலைகளும் ஞாபகத்துக்கு வந்தன. அதை எப்படிக் கழற்றினேன் என்று தெரியவில்லை. நான் பார்த்துப் பார்த்துப் போட்ட கைத்தையல் பாதி கிழிந்தது. தண்ணீரில் முக்கிப் பிழிந்து, சாப்பாட்டுப் பைக்குள் அடைத்து, ஆபீஸில் என் மேஜைக்கு அடியில் தள்ளினேன். ஒற்றைச் சட்டையோடு திடலுக்குப் போனேன்.

காற்று நினைத்தது மாதிரியே அடித்தது. சட்டை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டது. லோடு ஏற்றும் அந்த ஆள் பக்கத்தில் இருந்தவன் காதில் ஏதோ சொன்னான், இருவர் தோள்களும் குலுங்கின. நான் தாளைப் பார்த்தே படித்தேன். செருப்பு, செல்போன், இரும்புச் சாமான், எல்லாம் சொல்லி முடித்தேன். "செயற்கை இழைத் துணிகளை, உள்ளாடையாக இருந்தாலும்" என்று ஆரம்பித்தபோது கேட்டுப் பக்கமிருந்து அந்த அக்கா வந்துகொண்டிருந்தார். பஸ் கிடைக்காமல் பாதி தூரம் நடந்தே வந்திருக்க வேண்டும், முகம் சிவந்திருந்தது. வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். உட்கார்ந்து, பாவாடை ஓரத்தைக் கொஞ்சம் இழுத்துக் காட்டி, கையில் கசக்கி விரித்தார். சுருக்கம் விழுந்தது. என் வாக்கியம் அங்கேயே நின்றுவிட்டது. முதலாளி "ம், சொல்லு" என்றார். முடித்தேன், எப்படி என்று கேட்காதீர்கள்.

அவரிடம் சொல்ல எனக்கு ஒன்பது நாள் ஆனது. சாயங்காலம் கம்பெனி விட்டதும் பஸ்ஸுக்கு நிற்கிற இடத்தில், மற்றவர்கள் தள்ளி நிற்கிற நேரம் பார்த்துச் சொன்னேன். அன்றைக்கு நான் உள்ளே நைலான் போட்டிருந்தேன், மருந்து அறை வரைக்கும் போனேன், அதைப் போட்டுக்கொண்டுதான் உங்களைத் திருப்பி அனுப்பினேன் என்று.

மன்னித்துவிடுவார் என்று எதிர்பார்த்தேனோ என்னவோ. அவர் முகம் மாறிவிட்டது.

"எங்க உசுரோட வெளாடிருக்க. எனக்கு ரெண்டு புள்ளைக இருக்குலே." சார் என்பதெல்லாம் போய்விட்டது. "ஒனக்கு என்னத்துக்குலே அது? நாங்க படிக்காதவுக, ஏதோ ஒரு நாளு மறந்து கட்டிட்டு வாரோம். நீ தெரிஞ்சு செஞ்சிருக்க."

எதற்கு என்று சொன்னேன். சொல்லும்போது தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் ஒருமுறை என் நெஞ்சைப் பார்த்துவிட்டு, சட்டென்று ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"மொதலாளிகிட்டச் சொல்லிருவீகளாக்கா?"

"சொன்னா ஒன்னய அனுப்பிட்டு இன்னொருத்தனக் கொண்டு வருவாரு. அவனும் எங்க பாவாடையத்தான் பாப்பான்." பஸ் வந்துவிட்டது. ஒரு காலைப் படியில் வைத்துக்கொண்டு சொன்னார்: "அந்தச் சனியன ஞாயித்துக்கெழம கொண்டா. வீட்ல மிஷினு வச்சிருக்கேன். ஊருக்கே ஜாக்கெட்டு தைக்கிறேன், இது என்ன பெரிய இது."

பெரிய இதுவாகத்தான் இருந்தது. அவர் என் கறுப்புப் பனியனைத் திருப்பிப் போட்டுப் பார்த்து, உள்ளே வைத்துத் தைத்திருந்ததைக் கண்டு, "யோசன சரி, தையலு நாய் கடிச்ச மாதிரி இருக்கு" என்றார். பருத்தி இழுபடாது, ஆனால் துணியைக் குறுக்கே சாய்த்து வெட்டினால் கொஞ்சம் இழுபட்டுக் கொடுக்கும், ஜாக்கெட்டுக்கு கிராஸ் கட்டிங் வைப்பது அதற்குத்தான் என்றார். முன்பக்கம் காடாத் துணி, நேர் வெட்டு, இரட்டை மடிப்பு. பின்பக்கம் கிராஸ். பக்கவாட்டில் இறுக்கிக் கட்ட நாடா, ஏனென்றால் எலாஸ்டிக்கும் கூடாது, இரும்புக் கொக்கியும் கூடாது. அளவை நானே எடுத்துத் தாளில் எழுதிக் கொடுத்தேன்.

அவர் தைத்த முதல் பனியனைப் போட்டுக் கண்ணாடியில் பார்த்தபோது அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. இருபது வருடம் ஜாக்கெட் தைத்த கை, பழக்கத்தில் முன்பக்கம் நெஞ்சு குவிய இரண்டு டாட் மடிப்பு பிடித்துவிட்டது. இருந்ததைவிட எடுப்பாக நின்றது. கொண்டுபோய்க் காட்டியதும் அவர் வாயைப் பொத்திக்கொண்டார். "ஐயையோ. கை தானா போயிருச்சு சார். கல்யாணப் பொண்ணுக்குத் தச்சதோட தச்சேன்ல."

இரண்டாவதில் டாட் இல்லை. ஆனால் நாடாவைக் கட்டினால் மூச்சு முட்டியது. குனிந்து நிமிர்ந்ததும் அக்குளில் டர்ரென்று கிழிந்தது. துணியும் போய், இரண்டு ஞாயிறும் போய், எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. "விடுங்கக்கா, ஆம்பளைக்கு இது தைக்கவே முடியாது போல" என்று சத்தம் போட்டேன். அவருக்கும் கோபம் வந்தது. தாளை எடுத்து என் முன்னால் நீட்டினார்.

"நீங்க குடுத்த அளவு முப்பத்தெட்டு. அதுக்குத்தான் தச்சிருக்கேன். யாருக்கு அளவு குடுத்தீக, ஒங்களுக்கா, ஒங்க தம்பிக்கா?"

லாரி ஓட்டும் அவர் வீட்டுக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து டேப்பை வாங்கினார். என் நெஞ்சைச் சுற்றிப் போட்டார். நான் நேராக நின்றேன்.

"மூச்ச விடு தம்பி."

"விட்டுட்டேண்ணே."

"எங்க விட்ட? வயித்த உள்ள இழுத்து வச்சிருக்க, நெஞ்ச அமுக்கி வச்சிருக்க. ஆளு சாஞ்சிருவ போல. விடுப்பா."

விட்டேன். நாற்பத்தொன்றரை. ஆர்டர் போட்ட அன்றும் இப்படித்தான் அளந்திருப்பேன். டேப்பைச் சதைக்குள் புதைய இழுத்து, மூச்சைப் பிடித்து, வந்த எண்ணை என் எண் என்று எழுதிவிட்டு, பிறகு எட்டு வாரமாகத் துணியையும் டெய்லரையும் ஊசியையும் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். அந்த எண்ணைச் சத்தமாகச் சொல்லிவிட்டு அவர் தன் தொந்தியைத் தட்டிக்கொண்டார். "எனக்கும் ஒண்ணு தச்சுக் குடுடி. கிளீனர் பய கேலி பண்றான்." அக்கா, "ஒங்களுக்குத் தார்ப்பாய்லதான் தைக்கணும்" என்றார்.

மூன்றாவது பனியன் போடும்படி இருந்தது. அவ்வளவுதான் சொல்ல முடியும். கறுப்புப் பனியனைப் போலத் தட்டையாக்கவில்லை. கையைத் தூக்கி அலமாரியைப் பார்த்தால் மேலே ஏறும். காடாத் துணி வேர்வையில் கனக்கும். பக்கவாட்டில் நின்றால் இன்னும் தெரியத்தான் செய்யும், முன்பைவிடக் கொஞ்சம் குறைவாக. இதற்காகவா இத்தனை பாடு என்று போட்ட ஒவ்வொரு நாளும் எரிச்சல் வந்தது.

திங்கட்கிழமை அதைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றேன். வரிசை வந்தது. அந்த அக்கா முந்தானையைக் கசக்கி விரித்தார். உள்பாவாடை ஓரத்தையும் காட்டினார். நகரவில்லை.

"நீங்க?" என்றார்.

பின்னால் இருபது பேர் நின்றார்கள். லோடு ஏற்றுகிறவனும் நின்றான். எதற்கு நிற்கிறோம் என்று யாருக்கும் புரியவில்லை. நான் சட்டை நுனியைக் கசக்கிக் காட்டினேன். அவர் அசையவில்லை. "உள்ள?"

சட்டைக்கு அடியில் கைவிட்டு, இடது பக்க நாடாவை வெளியே இழுத்தேன். உள்ளங்கையில் வைத்துக் கசக்கினேன். விரித்தேன். சுருக்கம் அப்படியே நின்றது.

"அது என்னண்ணே நாடா?" என்றான் லோடு ஏற்றுகிறவன். அவன் வாயில் சிரிப்பு ஏற்கெனவே வந்துவிட்டிருந்தது.

"பனியன். எனக்கு நெஞ்சு பெருசா இருக்குல்ல, அத அமுக்குறதுக்கு. காட்டன்தான். ஒஞ்சட்டையக் காட்டு."

யாரோ ஒருவர் சிரித்தார், பாதியில் நிறுத்தினார். அவன் எதையாவது சொல்ல வாயைத் திறந்தான். சொல்ல வேண்டியதை நானே சொல்லிவிட்டதால் அவனுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை போல. சட்டை நுனியைக் கசக்கிக் காட்டினான். அவனுடைய சட்டையில் பாலியஸ்டர் கலந்திருந்தது. துணி வழுக்கி நிமிர்ந்தது. நான் கேட்டைக் காட்டினேன். முணுமுணுத்துக்கொண்டே போனான், ஆனால் போனான்.

பத்தரை மணிக்கு நாடா அவிழ்ந்துவிட்டது. கழிவறைக்குப் போய் மறுபடி கட்டினேன். சத்தம் எதுவும் கேட்கவில்லை. மதியத்துக்குள் இன்னும் இரண்டு முறை அவிழ்ந்தது. நாடாவை இன்னும் கொஞ்சம் நீளமாக வைக்கச் சொல்ல வேண்டும்.